பதக்கமும் பரிசிலும்: கலைக்கும் கல்விக்கும் செய்த சிறப்பு

முன்னுரை

ஆரணியாற்றின் கரையில், தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் எல்லையூராகிய ஊத்துக்கோட்டையில், எம் மாணவர் ஒருவரின் இல்லத்துக்கு யாம் ஒருநாள் சென்றிருந்தோம். நம் தமிழ்த்துறை விழாவில் கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் அவர். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பின் அவர் கல்லூரிக்கு வரவில்லை. காரணம் அறியவே சென்றோம். கூடத்துச் சுவரில், நாட்காட்டிக்கு அருகில், நாம் அணிவித்த பதக்கம் நீலநிற நாடாவோடு தொங்கிக்கொண்டிருந்தது. மாணவர் வீட்டில் இல்லை; கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணிக்குச் சென்றிருந்தார். எமக்குத் தேநீர் கொடுத்த அவருடைய தாயார், எம் பார்வை சென்ற இடத்தைக் கண்டு, "மெடல் இருக்கு சார், படிப்புதான் நின்னுபோச்சு" என்றார்.

அத்தாயார் எம்மைக் குறைகூறும் எண்ணத்தோடு அதனைச் சொல்லவில்லை. எனினும் அச்சொல் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஒருவரைச் சிறப்பிக்கிறோம் என்று மேடையில் அணிவிக்கும் பதக்கம் உண்மையில் என்ன செய்கிறது? கலைக்கும் அறிவுக்கும் உலகில் எங்கெங்கு, யார் யார், எவ்வெவ்வாறு சிறப்புச் செய்தனர்? அச்சிறப்புகளுள் நின்று நிலைத்தவை எவை? இவ்வினாக்களுக்கு வரலாற்றில் விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. முதலில் ஐரோப்பாவில் கலைக்கும் அறிவியலுக்கும் எனத் தனியாகப் பதக்கம் வகுத்த ஜெர்மானியச் சிற்றரசர்களைக் காண்போம். பின்னர் நம் நாட்டுக்கு வருவோம்.

கோமகன்களின் பதக்கங்கள்

ஜெர்மனி 1871ஆம் ஆண்டில்தான் ஒரே பேரரசாயிற்று. அப்பேரரசில் 25 அரசுகள் அடங்கியிருந்தன. அவற்றுள் நான்கு முடியரசுகள். ஐந்து, 'டியூக்' என்னும் பட்டமுடைய கோமகன்களால் ஆளப்பெற்ற சிறுநாடுகள். அன்ஹால்ட், பிரன்ஸ்விக், சாக்சே-அல்டன்பர்க், சாக்சே-கோபர்க்-கோதா, சாக்சே-மைனிங்கன் என்பன அவற்றின் பெயர்கள். பெரும்படையோ கடல்கடந்த குடியேற்றங்களோ இல்லாத இச்சிறுநாடுகள் தம் பெயரை நிலைநாட்டக் கலையையும் கல்வியையும் துணைக்கொண்டன. அரங்கு, நூலகம், வானாய்வுக் கூடம், இசைக்குழு ஆகியவையே அவற்றின் கோட்டை கொத்தளங்கள் எனலாம்.

போர்வீரருக்கு விருதளிப்பது எந்நாட்டிலும் பழைய வழக்கம். அறிஞருக்கும் கலைஞருக்கும் எனத் தனிவிருது வகுக்கும் வழக்கம் ஜெர்மன் நாடுகளில் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. பிரஷ்யாவின் மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம், போர்வீரர்க்குரியதாக இருந்த 'பூர் லெ மெரிட்' என்னும் விருதில் 1842ஆம் ஆண்டு அறிவியலுக்கும் கலைக்கும் எனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினார். அதன் முதல் தலைவராக இருந்தவர் அறிவியலறிஞர் அலெக்சாண்டர் பான் ஹம்போல்ட். பவேரியாவின் மன்னர் இரண்டாம் மாக்சிமிலியன் 1853ஆம் ஆண்டு அறிவியலுக்கும் கலைக்குமான விருதொன்றைத் தம் பெயரால் நிறுவினார். கோமகன்களும் இவ்வழியைப் பின்பற்றினர். அன்ஹால்ட், சாக்சே-மைனிங்கன், சாக்சே-கோபர்க்-கோதா முதலிய நாடுகளில் கலை, அறிவியல் தகுதிக்கான பதக்கங்கள் வழங்கப்பெற்றன.

அப்பதக்கங்களின் அமைப்புப் பெரும்பாலும் ஒரே தன்மையது. பொன்னாலோ வெள்ளியாலோ அமைந்த வட்டத்தகடு. ஒரு பக்கம் கோமகனின் முகவடிவும் பெயரும். மறுபக்கம் கலைக்கும் அறிவியலுக்கும் ஆற்றிய தொண்டுக்கு என்னும் கருத்துடைய வாசகம். மார்பில் அணிவதற்கேற்ற வளையமும் நாடாவும். அளிப்பவரின் முகம் ஒரு பக்கத்திலும், அளிக்கப்பெறும் காரணம் மறுபக்கத்திலும் இருப்பதை மாணவர்கள் கருத்தில் இருத்துதல் வேண்டும். பதக்கம் என்பது கொடுத்தவர் பெயரையும் பெற்றவர் தகுதியையும் ஒரே தகட்டில் பிணைத்து வைக்கும் சான்று. அதனால், கொடுத்தவர் அறிவுடையராயின் பதக்கம் ஒளிபெறும். அன்றேல் அது வெறும் உலோகமே.

சாக்சே-மைனிங்கனின் கோமகன் இரண்டாம் கேயார்க் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1866 முதல் 1914 வரை ஆண்ட இவர், தாமே ஓவியம் தீட்டவல்லவர். நாடகத்துக்குரிய உடைகளையும் அரங்கக் காட்சிகளையும் தம் கையாலேயே வரைந்து கொடுத்தார். இவருடைய நாடகக் குழு 1874 முதல் 1890 வரை ஐரோப்பிய நகரங்களில் நடத்திய நாடகங்கள், மேடைக்கலையின் போக்கையே மாற்றின. இவருடைய அரண்மனை இசைக்குழுவோடுதான் பிராம்ஸ் என்னும் இசைமேதை தம் நான்காம் சிம்பொனியை 1885ஆம் ஆண்டு முதன்முதலாக அரங்கேற்றினார். கலையின் அருமை அறிந்தவர் கையிலிருந்து வரும் பதக்கத்துக்கும், அஃது அறியாதவர் கையிலிருந்து வரும் பதக்கத்துக்கும் வேறுபாடு உண்டன்றோ?

1918ஆம் ஆண்டு நவம்பரில் முதல் உலகப்போர் முடிவுற்றபோது ஜெர்மனியின் மன்னர்களும் கோமகன்களும் முடிதுறந்தனர். அவர்கள் வழங்கிய பதக்கங்கள் அரும்பொருட்காட்சியகங்களையும் சேகரிப்போர் பேழைகளையும் சென்றடைந்தன. ஆயினும் மைனிங்கனில் அரங்கேறிய சிம்பொனி இன்றும் உலகெங்கும் இசைக்கப்படுகிறது. முடி போயிற்று, பதக்கம் பேழைக்குள் போயிற்று, கலை மட்டும் வெளியே நின்றது.

பதக்கத்துக்கு முன் வந்த கொடை

கோமகன்கள் பதக்கம் வகுப்பதற்கு முன்பே, அவர்தம் முன்னோர் வேறொரு வகையில் அறிவைப் போற்றினர். அதனையும் காண்போம்.

இயற்பியல் வகுப்பில் நம் மாணவர்கள் 'காஸ் விதி' எனப் பயில்கின்றனர். அவ்விதிக்குப் பெயர் தந்த கார்ல் பிரெடரிக் காஸ் 1777ஆம் ஆண்டு பிரன்ஸ்விக் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் கொத்து வேலை, தோட்ட வேலை எனக் கூலிக்குப் பல வேலைகள் செய்து குடும்பத்தைக் காத்தவர். மகனையும் அவ்வழியே அனுப்பியிருந்தால் கணித உலகம் பெருந்தலைவர் ஒருவரை இழந்திருக்கும். சிறுவனின் கணக்கறிவைப் பள்ளி ஆசிரியர்கள் உணர்ந்தனர். செய்தி பிரன்ஸ்விக்கின் கோமகன் கார்ல் வில்ஹெல்ம் பெர்டினாண்டின் செவிக்கு எட்டியது. அவர் சிறுவனுக்குப் பதக்கம் அணிவிக்கவில்லை, உதவித்தொகை அளித்தார். 1792 முதல் பிரன்ஸ்விக் கல்லூரியிலும், 1795 முதல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலும் காஸ் பயின்றது அத்தொகையால்தான். 1801ஆம் ஆண்டு, தம் 24ஆம் வயதில், எண்ணியலின் அடித்தள நூலாக இன்றும் மதிக்கப்படும் நூலைக் காஸ் வெளியிட்டபோது, அதனைக் கோமகனுக்கே உரிமையாக்கி, பிற கவலைகளின்றிக் கணிதத்தில் ஈடுபட அவர் கொடையே வழிசெய்தது என்று நன்றியோடு குறித்தார்.

அதே 1801ஆம் ஆண்டு தொடக்கத்தில் இத்தாலிய வானியலறிஞர் பியாசி, 'சீரிஸ்' என்னும் சிறுகோளைக் கண்டறிந்தார். சில வாரங்களில் அது கதிரவனின் ஒளியில் மறைந்தது. மீண்டும் எங்கே தோன்றும் என ஒருவருக்கும் தெரியவில்லை. கிடைத்த சில குறிப்புகளைக் கொண்டே காஸ் அதன் பாதையைக் கணித்துக் கொடுத்தார். அவர் குறித்த இடத்துக்கு அருகிலேயே அவ்வாண்டின் இறுதியில் சீரிஸ் மீண்டும் கண்டறியப்பெற்றது. கண்டவர், கோதா நகரின் வானாய்வுக் கூடத் தலைவராயிருந்த பான் சாக். அக்கூடத்தை நிறுவியவர் கோதாவின் கோமகன் எர்னஸ்ட். ஒரு கோமகன் கொடுத்த உதவித்தொகையால் கணக்கு வந்தது. மற்றொரு கோமகன் கட்டிய கூடத்தால் கோள் வந்தது. இவ்விரண்டு கொடைகளும் பணி முடிந்தபின் வந்தவையல்ல. பணி நிகழ்வதற்காக வந்தவை.

ஆகவே சிறப்புச் செய்தல் இருவகைப்படும் எனத் தெளியலாம். செயல் முடிந்தபின் சூட்டும் மாலை ஒன்று. செயல் நிகழக் கொடுக்கும் கை மற்றொன்று. முன்னதைப் 'பின்கொடை' என்றும், பின்னதை 'முன்கொடை' என்றும் இக்கட்டுரையில் குறிப்போம்.

தமிழ் மரபில் பொற்றாமரையும் வரிசையும்

பதக்கம் என்பது மேனாட்டிலிருந்து வந்த வழக்கம் என மாணவர்கள் எண்ணிவிடக்கூடாது. சங்ககாலத்தில் பாணர்க்குப் பொற்றாமரைப் பூவும், விறலியர்க்குப் பொன்னணியும் அளிக்கப்பெற்றமையைப் புறநானூறும் ஆற்றுப்படை நூல்களும் பலபடக் கூறுகின்றன. பொன்னால் தாமரைப்பூச் செய்து கலைஞன் தலையில் சூட்டுதல் பதக்கமன்றி வேறென்ன? சிலப்பதிகாரத்தில், சோழ மன்னன் அவையில் அரங்கேறிய மாதவி 'தலைக்கோல்' என்னும் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். 'தலைக்கோலி' என்னும் சிறப்புப் பெயருடைய ஆடல்மகளிரைச் சோழர் காலக் கல்வெட்டுகளும் காட்டுகின்றன.

ஆயினும் தமிழ்ப் புலவர்கள் பொன்னைக் காட்டிலும் ஒன்றைப் பெரிதாக எண்ணினர். அது 'வரிசை அறிதல்'. புலவரின் தகுதியை அளந்தறிந்து, அதற்கேற்பச் சிறப்பித்தலே வரிசை அறிதல். மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், கொடுத்தல் எளிது என்றும், வரிசை அறிதலே அரிது என்றும், எல்லாப் புலவரையும் ஒரே தன்மையராக நோக்குதல் தகாது என்றும் அம்மன்னனுக்கு அறிவுறுத்துகிறார். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்ற பெருஞ்சித்திரனார்க்கு, மன்னன் நேரில் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. காணாமல் தரும் பொருளைப் பெற்றுச்செல்லத் தாம் வாணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவது தினையளவே ஆயினும் அதுவே இனிது என்றும் உரைத்தார்.

மற்றொரு நிகழ்ச்சி மாணவர் அனைவரும் அறிந்ததே. வழிநடந்த களைப்பால் மோசிகீரனார் முரசுகட்டிலில் அறியாது உறங்கிவிட்டார். முரசம் நீராடி மீண்டபோது, அக்குற்றத்துக்காக வாளெடுக்க வேண்டிய மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை கவரியெடுத்து வீசினான். அங்கே பொன்னும் இல்லை, பட்டமும் இல்லை, கூடியிருந்து கைதட்டும் அவையும் இல்லை. எனினும் தமிழுலகம் மறவாத சிறப்பு அதுவே.

சீதக்காதியும் சீறாவும்

மன்னரல்லாதார் செய்த முன்கொடைக்கு நம் இலக்கிய வரலாற்றில் ஒளிமிக்க சான்று, 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி. செய்கு அப்துல் காதர் என்னும் இயற்பெயருடைய இவர் கடல்வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டியவர்; சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நண்பர். உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடத் தூண்டுகோலாய் நின்றவர் இவரே. நூலுக்குரிய வரலாற்றுச் செய்திகளைப் பெறப் புலவர் மார்க்கமேதை சதக்கத்துல்லா அப்பாவை நாடினார். நூல் முற்றுப்பெறுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து புலவரைத் தாங்கினார். அதன் பயனாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு, மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் கொண்ட தமிழ்க்காப்பியமாக நமக்குக் கிடைத்தது. நூலின் பல இடங்களில் உமறு அபுல் காசிமை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

இங்கு நம் மாணவர்கள் ஒன்றைக் கருதவேண்டும். அபுல் காசிம் மரைக்காயர் வாணிகத்தில் ஈட்டிய பொருள் எங்கே போயிற்று என்று எவரும் இன்று கேட்பதில்லை. அவர் பெயர் நின்றது, அவர் தாங்கிய நூலில் நின்றதால். பெறுபவரால் கொடுப்பவர் வாழும் வியப்பு இது. சமயம் கடந்து புலவரைப் போற்றியவர் சீதக்காதி என்பதற்குப் படிக்காசுப் புலவர் அவர்மீது பாடிய பாக்கள் சான்று. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று இன்றும் ஊரார் வழங்கும் பழமொழியைக் காட்டிலும் உயர்ந்த பதக்கம் ஏது?

ஜெர்மனியின் சிறுநாடுகளோடு ஒப்பிடத்தக்க கலைநிலையம் ஒன்று தமிழகத்தில் உண்டாயின், அஃது எட்டயபுரம். முடியரசு அன்று, ஒரு சமீன்தான். உமறுப்புலவர் அவ்வூர் அரண்மனையில் புலவராக விளங்கினார். இசைமும்மணிகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிநாட்களை அங்கே கழித்து 1835ஆம் ஆண்டு மறைந்தார். சுப்பையா என்னும் சிறுவன் 'பாரதி' என்னும் பட்டம் பெற்றதும் அவ்வூரில்தான். தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், மறைந்துபோகவிருந்த கீர்த்தனைகளையெல்லாம் சுரக்குறிப்போடு திரட்டிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல், அச்சமீனின் ஆதரவில் 1904ஆம் ஆண்டு அங்கேயே அச்சேறியது. அந்நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. தமிழ் மண்ணில், தமிழ்ச் சமீன்தார் ஒருவர் தெலுங்கு நூலொன்றை அச்சேற்றியதை, இருமொழியும் வழங்கும் ஊத்துக்கோட்டை வாழ் மக்கள் நன்கு உணர்ந்து மகிழ்வர்.

1887ஆம் ஆண்டும் இரு பட்டங்களும்

கோபர்க் கோமகன் குடும்பத்தில் பிறந்தவர் இளவரசர் ஆல்பர்ட். அவர் மணந்த இங்கிலாந்தின் விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழா 1887ஆம் ஆண்டு கொண்டாடப்பெற்றது. அதனையொட்டி இந்தியாவில் அறிஞர்க்கென இரண்டு பட்டங்கள் வகுக்கப்பெற்றன. வடமொழி முதலிய மரபுவழிக் கல்வியில் சிறந்தார்க்கு 'மகாமகோபாத்தியாயர்' என்றும், அரபு, பாரசீகக் கல்வியில் சிறந்த முஸ்லிம் அறிஞர்க்கு 'சம்சுல் உலமா' என்றும் அவை பெயர்பெற்றன. அறிஞர்களின் கதிரவன் என்பது பின்னதன் பொருள். நபிகளாரின் வரலாற்றை உருதுமொழியில் எழுதிய மௌலானா சிப்லி நுஃமானி 1894ஆம் ஆண்டு இப்பட்டம் பெற்றார்.

இதே 1887ஆம் ஆண்டில்தான் கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். அவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் வந்ததோ 1906ஆம் ஆண்டில். சிந்தாமணிக்கும் பட்டத்துக்கும் இடையே 19 ஆண்டுகள்! அப்பதிப்பைச் சாத்தியமாக்கியது எது? சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்று கேட்டு, ஏட்டுப்படியும் கொடுத்து, அவரை இத்துறையில் செலுத்தியவர் சேலம் இராமசாமி முதலியார். அச்சுச் செலவுக்கு முன்னதாகவே கையொப்பமிட்டுப் பொருளுதவிய அன்பர்கள் பலர். அவர்கள் செய்தது முன்கொடை. அரசு செய்தது பின்கொடை. பின்கொடை வந்தது மகிழ்ச்சியே. ஆயினும் முன்கொடை இல்லாதிருந்தால் பின்கொடைக்கு இடமே இராது.

விக்டோரியா அரசியின் பெயரால் சென்னையில் எழுந்த மண்டபத்தில், 1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள், தமிழறிஞர் அவை ஒன்று கூடியது. நாகர்கோவிலையடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த கா. ப. செய்குத்தம்பிப் பாவலர் அவ்வவையில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒருவர் ஈற்றடி கொடுக்க வெண்பாப் பாடவேண்டும். ஒருவர் மணியடிக்க அதன் எண்ணிக்கையை நினைவில் கொள்ளவேண்டும். ஒருவர் கணக்குக் கேட்க விடை கூறவேண்டும். இவ்வாறு நூறு செயல்களில் ஒரே நேரத்தில் கருத்தைச் செலுத்துவதே சதாவதானம். அதனைக் குறைவற முடித்த பாவலரை அவையோர் 'மகாமதி' எனப் போற்றிச் 'சதாவதானி' என்னும் பட்டத்தால் சிறப்பித்தனர். சீறாப்புராணத்துக்கு உரைகண்டவரும் இப்பாவலரே. 1950ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 2008ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

அப்பட்டத்தை அளித்தவர் கோமகன் அல்லர், ஆட்சியாளர் அல்லர். கண்ணெதிரே தேர்ந்து, தகுதி கண்டு வியந்த தமிழவையே அளித்தது. கபிலர் கூறிய வரிசை அறிதல் இதுவே.

கொடுத்தவர் தகுதி குன்றினால் பெற்றவர் பட்டத்தைத் துறந்ததும் உண்டு. ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டு மனம் நொந்த இரவீந்திரநாத் தாகூர், ஆங்கில அரசு அளித்த 'சர்' பட்டத்தை 1919ஆம் ஆண்டு துறந்தார். துறந்ததால் அவர் பெருமை குறையவில்லை. ஏனெனில் அவர் பெருமை அவர் பாடல்களில் இருந்தது.

நெல்லூரிலிருந்து நீண்ட கை

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே எல்லையைக் கடந்து சென்றால் நெல்லூர்ச் சீமை. 1910ஆம் ஆண்டின் இறுதியில் அந்நெல்லூரின் ஆட்சித்தலைவரைத் தேடி, கையில் குறிப்பேடுகளோடு ஓர் இளைஞர் வந்தார். கல்லூரித் தேர்வில் தோல்வியுற்றவர், பட்டமில்லை, வேலையுமில்லை. அவர்தாம் சீனிவாச இராமானுசன். ஆட்சித்தலைவர் இராமச்சந்திர ராவ், தாமும் கணிதத்தில் பற்றுடையவர். குறிப்பேடுகளில் இருந்தவற்றை இளைஞர் விளக்க விளக்க, இது தம் அளவைக் கடந்த அறிவு என உணர்ந்தார். உமக்கு என்ன வேண்டும் எனக் கேட்க, ஆய்வு செய்வதற்கேற்ற ஓய்வும் அதற்கு வேண்டிய உணவும் போதும் என்றார் இராமானுசன். இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து திங்கள்தோறும் 25 ரூபாய் அளித்தார். பிறர் கொடையிலேயே காலங்கழிக்க மனம் ஒவ்வாத இராமானுசன் 1912ஆம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

1913ஆம் ஆண்டு மே முதல், பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் திங்களுக்கு 75 ரூபாய் ஆய்வுதவித்தொகை அளித்தது. பட்டமில்லாதவருக்குப் பல்கலைக்கழகம் ஆய்வுதவி அளித்ததே வரிசை அறிந்த செயல். 1914ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918ஆம் ஆண்டு இலண்டன் அரசர் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. உலகம் அறிந்த சிறப்பு 1918இல் வந்தது. ஆனால் அதற்கு எட்டாண்டுக்கு முன் நெல்லூரில் ஒரு கை நீண்டிராவிடில், அக்குறிப்பேடுகள் என்னவாகியிருக்கும்? பிரன்ஸ்விக்கின் கூலித் தொழிலாளி மகனுக்கும், கும்பகோணத்துத் துணிக்கடைக் கணக்கர் மகனுக்கும் உதவியது ஒரே வகையான கொடை என்பதை வரலாறு காட்டுகிறது.

நம் கடமை

இனி, சுவரில் தொங்கிய அப்பதக்கத்துக்குத் திரும்புவோம்.

பதக்கம் வேண்டா என்று யாம் கூறவில்லை. தம் மகன் பெற்ற பதக்கத்தைத் தூசு துடைத்து மாட்டிவைத்திருந்த அத்தாயாரின் கண்களில் பெருமிதம் இருந்தது. அது பொய்யன்று. தகுதியறிந்து, கண்ணெதிரே தேர்ந்து, தக்கவருக்கு அணிவிக்கும் பதக்கம் ஓர் இளைஞனின் வாழ்வில் விளக்கேற்றும். ஆனால், கேட்டவர்க்கெல்லாம், ஏன், பொருள் கொடுத்தவர்க்கெல்லாம் பட்டமும் விருதும் வழங்கும் மேடைகள் பெருகிவிட்ட காலம் இது. விலைக்குப் பெற்ற பட்டத்தைப் பெயர்முன் இட்டுக்கொள்வதால் அறிவு வளர்வதில்லை. பெருஞ்சித்திரனார் இன்றிருந்தால் என்ன கூறுவார் என எண்ணிப்பார்த்தல் நலம். இளைஞர்கள் இத்தகைய மேடைகளை நாடாதிருத்தல் வேண்டும்.

நம் துறையும் தன்னைத் திருத்திக்கொள்ளவேண்டும். ஆண்டுதோறும் பத்துப் பதக்கங்கள் வழங்குவதைக் காட்டிலும், ஒரு பதக்கமும் ஓர் 'ஆய்வுப்படி'யும் வழங்குதல் மேல் என்பது எம் கருத்து. மதிப்பெண்ணுக்கு அன்றி, ஒரு பணிக்கு அப்படி உரியதாகட்டும். நம் வட்டாரத்தில் செய்யவேண்டிய பணிகள் எத்துணையோ உள. எல்லைச் சிற்றூர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சொற்களைத் திரட்டலாம். நாற்று நடும் பெண்கள் பாடும் பாடல்களை, அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே எழுதிவைக்கலாம். நம் அண்மையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் கண்ட கற்காலக் கருவிகளைப் பற்றி எளிய தமிழில் மாணவர்க்கு நூலொன்று எழுதலாம். வீடுகளில் உறங்கும் இசுலாமியத் தமிழ் இலக்கிய ஏடுகளையும் பழைய அச்சுப்படிகளையும் பட்டியலிடலாம். இப்பணிகளுள் ஒன்றை மேற்கொள்ளும் மாணவர்க்கு ஓராண்டுக் கல்விக் கட்டணமும், பேருந்துச் செலவும், ஏட்டுச் செலவும் அப்படியாகக் கிடைக்குமாயின், இரவுப் பணிக்குச் செல்லவேண்டிய நெருக்கடி ஒருவருக்கேனும் நீங்கும்.

இம்மலரைக் கையிலேந்தும் ஜமாஅத் பெரியோர்களையும் வணிகப் பெருமக்களையும் யாம் வேண்டுவது இதுவே: கல்வெட்டில் பெயர் பொறிக்கும் கொடையோடு, ஒரு மாணவரின் ஏட்டில் பெயர் பதியும் கொடையையும் எண்ணிப்பாருங்கள். அபுல் காசிம் மரைக்காயரின் பெயர் நிலைத்த இடம் அதுவே. ஆசிரியர்களாகிய எம்மையும் நாங்களே கேட்டுக்கொள்கிறோம்: மேடையில் பரிசளித்த மாணவர் மறுவாண்டு வகுப்பில் இருக்கின்றாரா எனப் பார்ப்பதும் பரிசளிப்பின் பகுதியேயன்றோ? அதனை நாம் பார்க்கத் தவறினோம். அத்தவறு எம்முடையது.

முடிவுரை

1996ஆம் ஆண்டு கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே வந்த கிருட்டிணை நீர், ஊத்துக்கோட்டையருகே தமிழக எல்லையைத் தொட்டுப் பூண்டி ஏரிக்குச் சென்றதை நம் ஊர்ப் பெரியவர்கள் கண்டிருக்கின்றனர். நீர் வேண்டிய காலத்தில் வந்தால்தான் பயிர். களத்தில் கதிர் குவிந்தபின் நெற்பொலிக்கு மாலை சூட்டி மகிழ்வதும் நம் வழக்கமே. மாலையும் வேண்டும், நீரும் வேண்டும். ஆனால் நீர் முன்னே வரவேண்டும்.

ஜெர்மானியக் கோமகன்கள் வழங்கிய பதக்கங்கள் பேழைகளில் ஒளிர்கின்றன. அவர்தம் முன்னோர் ஒருவர் உதவிய மாணவனின் கணக்கு உலகின் வகுப்பறைகளில் வாழ்கிறது. சீதக்காதி அணிவித்த பொன் எங்கும் இல்லை, சீறா இருக்கிறது. நெல்லூர் ஆட்சித்தலைவரின் 25 ரூபாய் செலவாகிவிட்டது. இராமானுசனின் குறிப்பேடுகள் செலவாகவில்லை.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் நிலையில், அம்மாணவரை யாம் மீண்டும் சென்று கண்டோம். பகற்பணிக்கு மாறியிருக்கிறார். அஞ்சல்வழியில் படிப்பைத் தொடர அவருக்கு விருப்பம் உண்டு. விண்ணப்பப் படிவத்தை அவர் கையில் கொடுத்தோம். கட்டணத்தைத் துறை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறோம். பதக்கம் அதே சுவரில் அதே இடத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு சிறு பலகை அடித்து, அதில் அவர் தம் பாடநூல்களை அடுக்கத் தொடங்கியிருந்தார்.